மூன்றாம் சரணமும் ஜே.எஸ். அம்மாவின் ஹம்மிங்கும்

என் பிழைப்பே கத்துகிறவர்களை அடக்குவதுதான். நொய்டாவில் ஒரு ஹிந்திச் செய்திச் சேனலில் ஒலிப் பிரிவில் இருக்கிறேன். சாயங்கால விவாதத்தில் ஆறு பேர் ஆறு கட்டத்துக்குள் உட்கார்ந்துகொண்டு ஒரே நேரத்தில் கத்துவார்கள். அவர்களில் யார் பேச்சு வீட்டில் இருப்பவர்களுக்குக் கேட்க வேண்டுமோ அவரை விட்டுவிட்டு, மற்ற ஐந்து பேரின் மைக்கை நான் இறக்கிவிட வேண்டும். இறக்கப்பட்டவர்களுக்கு அது தெரியாது. தன் குரல்தான் நாடு முழுக்க முழங்குகிறது என்ற நினைப்பில் கழுத்து நரம்பு புடைக்கக் கத்திக்கொண்டே இருப்பார்கள். சில நாள் பாவமாக இருக்கும். இருந்தாலும் இறக்கிவிடுவேன், சம்பளம் அதற்குத்தானே.

இப்படிப்பட்ட எனக்கு நவம்பர் கடைசியில் ஒரு சனிக்கிழமை காலை, அப்பாவிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு பாட்டு வந்தது. கூடவே ஒரு வரி: "கருத்துக்காக முன்வைக்கப்படுகிறது." பெற்ற மகளுக்கு எழுதுகிற வரியா இது! ஆனால் அப்பாவைச் சொல்லிக் குற்றமில்லை. வாழ்நாள் முழுக்க மத்திய அரசின் ஓர் அமைச்சகத்தில் கோப்பு நகர்த்தியவர். அவர் மேஜைக்கு வரும் எந்தக் கோப்பும் சம்பந்தப்பட்ட எல்லாருடைய மேஜைக்கும் போய், எல்லாருடைய கருத்தையும் வாங்கிக்கொண்டு திரும்பி வரும். எல்லாக் கருத்தையும் சேர்த்து, யார் மனமும் கோணாதபடி ஒரு முடிவு எழுதுவார். அந்த முடிவால் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இருக்காது. யாரும் குறையும் சொல்ல மாட்டார்கள். அந்த வித்தையில் அப்பாவை அடித்துக்கொள்ள ஆளே கிடையாது.

ஓய்வுக்குப் பிறகு ஜனக்புரி ஃப்ளாட்டின் பால்கனியில் தக்காளி வளர்த்தார், குரங்கு தின்றது. ஹோமியோபதி படித்தார், அம்மா தின்ன மறுத்தாள். அப்புறம் எங்கள் தமிழ்ச் சபையின் பாடகர் குழுவுக்கு ஒரு வேலை வந்தது. குழுவை நடத்துகிற கொயர் மாஸ்டர் பள்ளிக்கூட ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். இந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு அவரே ஒரு புதுப் பாட்டு எழுதி மெட்டுப் போட்டிருந்தார். அதை நன்றாகப் பதிவு செய்து ஊரில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு அனுப்ப வேண்டும் என்று எல்லாருக்கும் ஆசை. "ஸ்டுடியோவுக்கு எதுக்குப் போணும்? நான் பண்ணித் தாரேன்," என்று அப்பா சொல்லிவிட்டார். லேப்டாப்பில் வீடியோ வீடியோவாகப் பார்த்து, குரல்களைத் தனித்தனியாகப் பதிந்து ஒன்றாகச் சேர்ப்பது எப்படி என்று கற்றுக்கொண்டார். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் செய்வது வெறும் சத்தத்தைக் குறைக்கிற வேலை, அவர் செய்வது சங்கீதம் என்ற எண்ணமாக இருக்கும்.

படுக்கையறைதான் ஸ்டுடியோ. இரும்பு பீரோவுக்கும் ஜன்னல் கம்பிக்கும் நடுவில் கயிறு கட்டி, குளிருக்குப் போர்த்துகிற கனத்த பஞ்சு ரஜாய் இரண்டைத் தொங்கவிட்டார். குழுவில் பாதிப் பேர் டைரக்டர், டெபுடி செக்ரட்டரி என்று பதவி சொல்லிக் கூப்பிடுகிற அரசு அதிகாரிகள். ஒவ்வொருவராக வந்து, அந்த ரஜாய்க்குள் புகுந்து, வியர்க்க விறுவிறுக்கப் பாடிவிட்டு, அம்மா கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்கள். ஒருவர் மட்டும் ரஜாய்க்குள் போக மாட்டேன் என்றுவிட்டார். அவர்தான் ஜே.எஸ். அம்மா. ஜாயின்ட் செக்ரட்டரி பதவி கணவருடையது, தோரணை முழுக்க இவருடையது. "நான் என்ன கோழியா, கூடையப் போட்டுக் கவுக்கதுக்கு?" என்று கேட்டாராம். அப்பா உடனே மைக்கைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்கு ஓடி வந்து, ஃபேனுக்கு அடியில் சோபாவில் உட்காரவைத்துப் பதிவு செய்திருக்கிறார். ஹால் ஜன்னல் தெருவைப் பார்த்தது.

இதில் அம்மாவின் பங்கைச் சொல்ல வேண்டும். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அம்மா அந்தக் குழுவில் பாடுகிறாள். எப்போதும் பின் வரிசைதான். தூணுக்குப் பக்கத்தில் நின்று, தாழ்ந்த சுருதியில், மற்றவர்களுக்கு முட்டுக் கொடுப்பதுபோல் பாடுகிற குரல். ஒருநாளும் ஒரு வரியைத் தனியாகப் பாடியதில்லை. இந்தப் புதுப் பாட்டில்தான் கொயர் மாஸ்டர் மூன்றாம் சரணத்தின் முதல் இரண்டு வரியை அம்மாவுக்குத் தனியாகக் கொடுத்தார். மற்றவர்கள் பின்னால் மெதுவாக ஹம்மிங் மட்டும் பண்ண வேண்டும். அம்மா அன்றைக்கே பாளையங்கோட்டையில் இருக்கும் பெரியம்மாவுக்குப் போன் போட்டு, "அக்கா, மூணாவது சரணம் நாந்தான்," என்று சொல்லிவிட்டாள். பெரியம்மா சும்மா இருப்பாளா? சித்தி, மாமா, மதினி என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடித்துவிட்டாள். கிறிஸ்துமஸ் அன்று மத்தியானச் சாப்பாட்டுக்கு எல்லாரும் பெரியம்மா வீட்டில் கூடும்போது டிவியில் அந்தப் பாட்டைப் போடுவது என்று ஏற்பாடு. அம்மா குக்கர் சத்தத்துக்கு மேலே அந்த இரண்டு வரியைப் பாடிப் பாடி, பக்கத்து வீட்டுப் பஞ்சாபி ஆன்ட்டிக்கே மனப்பாடம் ஆகிவிட்டது.

அப்பா அனுப்பிய பாட்டை மறுநாள் ஜனக்புரிக்கு மெட்ரோவில் போகும்போது ஹெட்போன் மாட்டிக் கேட்டேன். ஆண்டவரே! யாரோ கிணற்றில் விழுந்துவிட்டார்கள், ஊரே கூடி உள்ளே எட்டிப் பார்த்துக் கத்துகிறது என்றுதான் தோன்றியது. அவ்வளவு எக்கோ. தொடக்கத்திலிருந்து முடிவு வரை மணி அடித்துக்கொண்டே இருந்தது. கீபோர்டு ஒரு பக்கம் கல்யாண ஊர்வலம் போனது. சரி, முதல் முயற்சி, பொறுத்துக்கொள்ளலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் சரணம் வந்தது. "ம்ம்ம்ம்ம்" என்று ஜே.எஸ். அம்மா காதுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டார். அவ்வளவுதான். அம்மா எங்கே? திரும்பப் போட்டேன். "ம்ம்ம்ம்ம்." இன்னொரு முறை போட்டேன். ஹம்மிங்குக்குப் பின்னால் தெருவில் போகிற பழைய பேப்பர்காரர் "கபாடீ... கபாடிவாலா" என்று கூவுவதுகூடக் கேட்டது. அம்மா இல்லவே இல்லை.

கதவைத் திறந்ததே அம்மாதான். கையில் மாவு, முகம் முழுக்க எதிர்பார்ப்பு.

"கேட்டியா?"

"கேட்டேம்மா."

"மூணாவது சரணம்?"

"அது... அச்சா இருக்கும்மா," என்று உளறினேன்.

"எனக்கே கார்ல கேக்கயில நல்லாத்தான் இருந்துச்சு," என்று சொல்லிக்கொண்டே அடுப்படிக்குப் போனாள். கொஞ்சம் பாடிக்கொண்டே போனாள் என்பதையும் சொல்ல வேண்டும். அந்தப் பாட்டு அப்படியே பாளையங்கோட்டை டிவியில் ஓடினால், கூட்டமாக உட்கார்ந்து காத்திருக்கிற அத்தனை பேரும் "ம்ம்ம்ம்" கேட்டுவிட்டு, "இதுதான் உன் தங்கச்சியா?" என்று பெரியம்மாவைப் பார்ப்பார்கள். யாரும் அம்மாவிடம் நேராக ஒன்றும் சொல்ல மாட்டார்கள். "பாட்டு நல்லாருந்துச்சு," என்று மட்டும் சொல்லுவார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அப்பாவிடம் பக்குவமாகச் சொல்வது என்று முடிவு செய்தேன். எங்கள் ஆபீஸில் பயிற்சி என்ற பெயரில் ஒரு நாள் முழுக்க ஏ.சி. அறையில் அடைத்து வைத்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்: முதலில் ஒரு நல்லதைச் சொல்லு, நடுவில் குறையைச் சொல்லு, கடைசியில் இன்னொரு நல்லதைச் சொல்லி முடி. எனக்கு இயல்பாக வருவது நடுவில் உள்ளது மட்டும்தான். இருந்தாலும் முயற்சி செய்தேன்.

"அப்பா, ரொம்ப உழைச்சிருக்கீங்க. ஒவ்வொரு குரலையும் தாளம் தப்பாம சேர்த்திருக்கீங்க. அது லேசு இல்ல."

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "ம்," என்றார். சந்தோஷம்.

"எக்கோதான் கொஞ்சம் ஜாஸ்தி."

"அது டைரக்டர் சார் கூட்டச் சொன்னாரு. பாடும்போது அவருக்கு இருமல் வந்துட்டு. எக்கோ போட்டா மறஞ்சிரும்னாரு."

"மணி?"

"ஐயர் கேட்டாவ," என்றார். எங்கள் சபையில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். " கிறிஸ்துமஸ்னா மணி இருக்கணும்லா?"

"பாட்டு முழுக்கவா?"

"எங்கன நிறுத்தணும்னு ஐயர் சொல்லல."

"அந்தக் கீபோர்டு..."

"டெபுடி செக்ரட்டரி மகன் வாசிச்சது. பிள்ள பிளஸ் டூ படிக்கான். மனசு ஒடஞ்சிரக் கூடாது."

அப்பா பாட்டை எல்லாருக்கும் கருத்துக்கு அனுப்பியிருக்கிறார். எல்லாரும் கருத்துச் சொல்லியிருக்கிறார்கள். தன் குரலைக் கூட்டச் சொல்லி எல்லாரும் கேட்டிருக்கிறார்கள். அப்பா ஒரு கருத்தைக்கூடத் தள்ளவில்லை. அதுதான் நான் மெட்ரோவில் கேட்டது.

லேப்டாப்பைத் திறக்கச் சொன்னேன். திரையில் ஒவ்வொரு குரலுக்கும் ஒரு கோடு, அதில் மேலும் கீழும் நகர்த்துகிற ஒரு பொத்தான். ஒவ்வொன்றின் கீழும் அப்பா பெயருக்குப் பதிலாகப் பதவியைப் போட்டு வைத்திருந்தார். இடது ஓரத்தில் "ஜே.எஸ். மேடம்", பொத்தான் உச்சியில். அடுத்து டைரக்டர், அதற்கு ஒரு படி கீழே. அதற்கு ஒரு படி கீழே டெபுடி செக்ரட்டரி. அப்புறம் செக்‌ஷன் ஆபீசர்கள். இப்படியே படிக்கட்டாக இறங்கிக்கொண்டே போனது.

"என்னப்பா இது?"

"சீனியாரிட்டி," என்றார். இது என்ன கேள்வி என்பதுபோல் என்னைப் பார்த்தார்.

"பாட்டுலயா?"

"வேற எப்பிடி வைக்க? ஒருத்தரக் கூட்டுனா இன்னொருத்தருக்கு வருத்தம் வரும். இப்பிடி வெச்சா யாரும் கேள்வி கேக்க முடியாது."

குழுவில் மிக நன்றாகப் பாடுகிறவர்கள் மூன்று நர்ஸ் பெண்கள். அவர்கள் படிக்கட்டின் அடியில் கிடந்தார்கள். "அவங்கள ஏன் இங்க தள்ளினீங்க?" என்றேன். "அந்தப் பிள்ளைய இன்னும் கான்ட்ராக்ட்லதான இருக்கு," என்றார். நான் தலையில் அடித்துக்கொண்டேன். நிஜமாகவே அடித்துக்கொண்டேன், சத்தம் கேட்டு அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

நர்ஸ் பெண்களுக்கும் கீழே, வலது ஓரத்தில், தரையோடு தரையாக ஒரு பொத்தான். அதற்கு அப்பா "வைஃப்" என்று பெயர் போட்டிருந்தார்.

அம்மா அடுப்படிக்குத் திரும்பிய பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டேன். "அப்பா, அம்மா ஏன் கடைசில?"

"நம்ம வீட்டு ஆள மேல தூக்கி வெச்சா நாலு பேரு என்ன சொல்லுவாவ? கையில மெஷின் இருக்குன்னு பொண்டாட்டியப் பெருசாக் காட்டுதான்னு சொல்ல மாட்டாவளா?"

இது அப்பாவின் பழைய வியாதி. நாங்கள் சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் இருந்தபோது ஒருநாள் நானும் அம்மாவும் பஸ் ஸ்டாப்பில் மழையில் நனைந்துகொண்டு நின்றோம். அப்பா ஆபீஸ் காரில் அந்த வழியாக வந்தார். எங்களைப் பார்த்ததும் காரை நிறுத்தச் சொன்னார். எங்களை ஏற்றிக்கொள்வதற்காக இல்லை. சர்க்கார் காரில் குடும்பத்தை ஏற்றக் கூடாதே! அவர் இறங்கி, காரை அனுப்பிவிட்டு, எங்களோடு சேர்ந்து நனைந்தார். மூன்று பேரும் பஸ்ஸில் போனோம். மூன்று பேருக்கும் ஜலதோஷம்.

"சரிப்பா, கடைசில வைங்க. ஆனா கேக்கணும்ல? அம்மா குரல் கேக்கவே இல்ல."

"உன் ஹெட்போன் சரியில்ல. நான் கார்ல போட்டுப் பாத்தேன். ஒவ்வொரு தடவையும் கேக்குது. கார்ல கேட்டாத்தான் உண்மை தெரியும்னு வீடியோல சொல்லுதாம்லா."

"என் தொழிலே இதுதாம்ப்பா! கேக்கல!"

"கேக்குது."

"கேக்கல!"

"எதுக்கு ரெண்டு பேரும் சண்ட போடுதிய?" என்று அம்மா கேட்டாள். நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில், "ஒண்ணுமில்ல," என்றோம்.

அப்பாவுக்குப் பொய் சொல்ல வராது. அதனால் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. தினமும் ஹிந்தியில் கத்தல் கேட்டுக் கேட்டுக் காது போய்விட்டதோ? மறுபடி போட்டுக் கேட்டேன். பழைய பேப்பர்காரர் தெளிவாகக் கூவினார். காது நன்றாகத்தான் இருந்தது.

மத்தியானம் ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போக வேண்டியிருந்தது. கிறிஸ்துமஸ் பலகாரத்துக்குத் தேங்காய் எண்ணெய், அரிசி மாவு, நல்ல கருப்பட்டி எல்லாம் அங்கேதான் அம்மாவுக்குத் திருப்தியாகக் கிடைக்கும். "வா, கார்லயே கேட்டுருவோம். அப்ப ஒத்துக்கிடுவ," என்று அப்பா லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டார். அப்பா ஸ்டியரிங்கில், நான் பக்கத்தில், அம்மா பைகளோடு பின்னால். தௌலா குவான் பக்கம் வண்டி ஊர்ந்துகொண்டிருந்தபோது பாட்டைப் போட்டார். மணி அடித்தது, கீபோர்டு ஊர்வலம் போனது, டைரக்டர் சார் கிணற்றுக்குள் விழுந்தார். நான் மூன்றாம் சரணத்துக்காகக் காத்திருந்தேன்.

"ம்ம்ம்ம்ம்" என்று ஜே.எஸ். அம்மா ஆரம்பித்தார். அதற்கு மேலே, தெளிவாக, பிசிறே இல்லாமல், அம்மாவின் குரல்.

அப்பா வெற்றியோடு என் பக்கம் திரும்பினார். "இப்ப என்ன சொல்லுத? உங்கம்மா குரல் எப்பிடிக் கேக்குது பாரு! கண்ணாடி மாதிரி!"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. உண்மையிலேயே நன்றாகக் கேட்டது. இவ்வளவு நேரம் நான்தான் முட்டாளா என்று நினைத்துக்கொண்டே பின்னால் திரும்பினேன். அம்மா ஜன்னல் வழியாக மேம்பாலத்தைப் பார்த்தபடி, மடியில் பையை வைத்துக்கொண்டு, வாய் நிறையப் பாடிக்கொண்டிருந்தாள்.

"அப்பா."

"என்ன?"

"அது ஸ்பீக்கர்ல வரல. பின் சீட்டுல வருது."

அப்பா கண்ணாடியில் பின்னால் பார்த்தார். அம்மா பாட்டை நிறுத்திவிட்டு, "என்னது?" என்றாள்.

"கார்ல பாட்டுப் போடும்போதெல்லாம் அம்மா கூட இருந்தாங்களா?"

"ஆமா. மார்க்கெட் போகயில, சபைக்குப் போகயில..."

"அம்மா எல்லாத் தடவையும் கூடப் பாடினாங்களா?"

"பாட்டுப் போட்டா பாட மாட்டேனா?" என்றாள் அம்மா.

எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. சத்தியமாக, அந்த நிமிஷம் சிரித்தேன். "அம்மா, கொஞ்ச நேரம் வாய மூடிக்கிட்டு இரு, ப்ளீஸ்," என்று சொல்லிவிட்டு மூன்றாம் சரணத்தை மறுபடி போட்டேன். சிக்னல் விழுந்திருந்தது, வண்டி நின்றுகொண்டிருந்தது. மூன்று பேரும் கேட்டோம்.

"ம்ம்ம்ம்ம்." அப்புறம் "கபாடீ... கபாடிவாலா." அப்புறம் "ம்ம்ம்ம்ம்." இரண்டு வரி முடிந்து எல்லாரும் சேர்ந்து பாட ஆரம்பித்துவிட்டார்கள்.

என் சிரிப்பு நின்றுவிட்டது. அம்மா முன்னால் சாய்ந்து, "என் குரல் எங்கன?" என்று கேட்டாள். "கபாடிவாலா கூடக் கேக்கு," என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. ஆச்சரியமாகச் சொன்னாள். அப்புறம் சீட்டில் சாய்ந்துகொண்டு, "சரி, விடுங்க. ஹம்மிங் நல்லாத்தான் இருக்கு. அக்காட்ட சொல்லிருதேன், டிவியில எல்லாம் போட வேண்டாம்னு," என்றாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதைவிட அப்பா மேல் ஆத்திரம் வந்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன். சிக்னல் பச்சை ஆகிப் பின்னால் அத்தனை வண்டியும் ஹார்ன் அடித்தும் எடுக்கத் தோன்றாமல் உட்கார்ந்திருந்த முகம் அது.

மார்க்கெட் பார்க்கிங்கில் வண்டியை நிறுத்தியதும் அம்மா பைகளை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். "நானும் வாரேன்," என்றேன். "வேண்டாம், நானே பாத்து வாங்கிக்கிடுதேன்," என்றாள். அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தார்.

"ஏட்டி, நீ முன்னாலயே சொல்லக் கூடாதா?"

"காலைல இருந்து வேற என்னப்பா சொல்லிட்டிருக்கேன்!"

லேப்டாப்பை மடியில் வைத்துத் திறந்தார். "வைஃப்" பொத்தானைப் பிடித்து ஒரே தள்ளாக மேலே தள்ளினார். போட்டுக் கேட்டோம். அம்மா ரேஷன் கடையில் சண்டை போடுவதுபோல் இருந்தது. ஜே.எஸ். அம்மாவும் விடவில்லை. இருவரும் மாறி மாறி மோதினார்கள்.

"ஏத்தாதீங்கப்பா. ஒருத்தர் குரல் கேக்கணும்னா மத்தவங்கள இறக்கணும். நான் தினமும் செய்யறது அதான்."

"யார இறக்க?"

நான் இடது ஓரத்தைக் காட்டினேன். அப்பாவின் விரல் அந்தப் பொத்தானுக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டது.

"அவங்க வீட்டுக்காரரு எனக்கு மேலதிகாரி. வருஷா வருஷம் என் வேலையப் பத்தி ரிப்போர்ட் எழுதுனவரு."

"நீங்க ரிட்டயர் ஆயிட்டீங்க. அவரும் ரிட்டயர் ஆயிட்டாரு. அந்த ரிப்போர்ட்ட கபாடிவாலாவே எடுத்துட்டுப் போயிருப்பான்."

அப்பா ஒரு மயிரிழை இறக்கினார். "இன்னும்," என்றேன். இன்னொரு மயிரிழை. "அப்பா, ஜல்தி, அம்மா வந்துடுவாங்க!" கண்ணை மூடிக்கொண்டு இறக்கினார். ஹம்மிங் பின்னால் போய், போர்வைக்குள் யாரோ பாடுவதுபோல் மெத்தென்று ஆனது. ஜே.எஸ். அம்மாவோடு சேர்ந்து பழைய பேப்பர்காரரும் தெருக்கோடிக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு அப்பாவுக்குத் துணிச்சல் வந்துவிட்டது. மணியை எடுத்தார். டெபுடி செக்ரட்டரி மகனை அந்தச் சரணத்தில் மட்டும் சும்மா இருக்கவைத்தார். நர்ஸ் பிள்ளைகளை அவராகவே மேலே கொண்டுவந்தார். டைரக்டர் சாரின் எக்கோவைப் பிடுங்கும்போது மட்டும், "இருமல் கேக்குமே," என்றார். "கேக்கட்டும், அவருக்கு இருமல்னு எல்லாருக்கும் தெரியும்," என்றேன்.

"இதுக்கு மறுபடி கருத்துக் கேட்டு அனுப்பணுமே?"

"கருத்துக்காகன்னு போடாதீங்க. தகவலுக்காகன்னு போடுங்க."

அன்றைக்கு முதல் முறையாக அப்பா சிரித்தார். அமைச்சக ஆளுக்கு அது புரியும்.

அப்புறம் மூன்றாம் சரணத்தைப் போட்டார். நான் தொழில்காரி, நூறு குரல் கேட்கிறவள். சொல்கிறேன், அந்தப் பாட்டில் இருந்த பதிவுகளிலேயே சுத்தமானது அம்மாவுடையதுதான். எப்படி எடுத்தீர்கள் என்று கேட்டேன். எல்லாரும் போன பிறகு, ஃபேனை நிறுத்தி, ஃப்ரிட்ஜை நிறுத்தி, மேலே விமானம் போகும்போதெல்லாம் காத்திருந்து, திரும்பத் திரும்பப் பாடவைத்து எடுத்தாராம். ஃப்ரிட்ஜை மறுபடி போட மறந்து, உள்ளே இருந்த வஞ்சிரம் மீன் வீணாய்ப் போய்விட்டதாம். இவ்வளவு பாடுபட்டு எடுத்துவிட்டு, நாலு பேருக்குப் பயந்து தரையில் போட்டு வைத்திருந்த மனுஷரை என்ன செய்வது? இரண்டாவது வரிக்கு முன்னால் அம்மா மூச்சு எடுப்பதுகூடக் கேட்டது. கடைசிச் சொல்லில் குரல் துளி நடுங்கியது. அப்பா மூக்கை உறிஞ்சினார். டெல்லி நவம்பர் புகை என்று சொல்லிக்கொள்ளலாம்.

அம்மா இரண்டு கையிலும் பையோடு வந்து பின் சீட்டில் ஏறினாள். "கருப்பட்டி நல்லாவே இல்ல. எண்ணெய் மட்டும் வாங்குனேன். போலாமா?" என்றாள்.

"ஒரு நிமிஷம் இரு," என்று அப்பா பாட்டைப் போட்டார். மூன்றாம் சரணம் வந்ததும் அம்மா வழக்கம்போல் பாட வாயைத் திறந்தாள். முன்னால் ஸ்பீக்கரிலிருந்து அவள் குரல் வந்தது. திறந்த வாய் அப்படியே இருந்தது. இரண்டு வரி முடியும்வரை அசையவில்லை. நான் திரும்பிப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டேன், முடியவில்லை.

"ஐயையோ," என்றாள் அம்மா. "என்னங்க இது, இம்புட்டு முன்னால நிக்குது! எல்லாரும் கேப்பாவளே. ஜே.எஸ். அம்மா என்ன நெனப்பாவ? கொஞ்சம் கொறச்சிருங்க."

யார் எந்தக் கருத்தைச் சொன்னாலும் ஏற்றுக்கொண்ட மனுஷர் அப்பா. ஐயருக்காக மணியும் இருமலுக்காக எக்கோவும் போட்டவர்.

"முடியாது," என்றார்.

"ஏன்? கொஞ்சமாட்டுக் கொறச்சா என்ன?"

"முடியாதுன்னா முடியாது. எனக்குக் கேக்கணும்."

அம்மா எண்ணெய் டின்னை மடியில் வைத்துக்கொண்டு அதன் மூடியைத் திருகித் திருகிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கிங்காரர் வந்து ஜன்னலைத் தட்டி, "அங்கிள், காடி நிகாலோ," என்று வண்டியை எடுக்கச் சொன்னார். அப்பா கண்ணாடியை இறக்கி, "ஏக் மினிட், பையா," என்று சொல்லிவிட்டு, மூன்றாம் சரணத்தை மறுபடி முதலிலிருந்து போட்டார்.